முதலாளியையே கேலி செய்யும் நிகழ்ச்சியை எவ்வளவு நம்பலாம்? லாஸ்ட் வீக் டுநைட் விமர்சனம்

அரை மணி நேரம். விளம்பர இடைவேளை கிடையாது. ஒரு மேஜை, பின்னால் உட்கார்ந்து வேகமாகப் பேசும் ஒரு ஆள், அவர் தோளுக்கு மேல் ஒரு படம். ஜான் ஆலிவர் 2014 ஏப்ரல் 27 முதல் எச்பிஓ என்ற அமெரிக்கச் சந்தா சேனலில் நடத்திவரும் லாஸ்ட் வீக் டுநைட் நிகழ்ச்சியின் மொத்த அரங்க அமைப்பே இவ்வளவுதான். அமெரிக்காவில் ஞாயிறு இரவு 11 மணிக்கு வரும். நமக்கு அது திங்கள் காலை. அரசியல் நையாண்டி என்ற பெயரில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் கிடைப்பவற்றில் இன்றைக்கு நேரம் செலவழித்துப் பார்க்கத் தகுந்தது இதுதான். ஆனால் இதை யார் காசில் நடத்துகிறார்கள், அந்தக் காசை யார் எப்போது நிறுத்த முடியும் என்று தெரிந்துகொண்டு பார்த்தால்தான் இதன் முழுப் பயன் கிடைக்கும்.

முதலில் பண்டத்தைப் பார்ப்போம். ஒவ்வொரு அத்தியாயமும் அந்த வாரச் செய்திகளைத் தொட்டுவிட்டு ஒரே ஒரு பெரிய விஷயத்துக்குப் போய்விடும். அந்தப் பெரிய பகுதி பெரும்பாலும் 15 முதல் 25 நிமிடம். தேர்தல் காலத்தில்கூட அது சிறைச்சாலைத் தொலைபேசிக் கட்டணம் பற்றியோ கடன் வசூல் ஏஜென்ட்கள் பற்றியோ இருக்கலாம். மற்ற இரவு நேர நிகழ்ச்சிகள் அன்றன்றைய செய்தியை நான்கு வரியில் கிண்டலடித்துவிட்டு நடிகர் பேட்டிக்குப் போய்விடும். இங்கே ஆய்வாளர்கள் வாரக்கணக்கில் தோண்டி எடுத்ததை ஆலிவர் அடுக்கிக்கொண்டே போகிறார். ஒரு கூற்றைச் சொல்லும்போது அது வந்த பத்திரிகையின் பெயரும் தலைப்பும் திரையில் தெரியும், குறிப்பிட்ட வரி மட்டும் பளிச்சென்று காட்டப்படும். அந்த இடத்தில் நிறுத்திவிட்டுப் படியுங்கள். மூலத்தைத் தேடிப் போய் முன்பின் பத்திகளையும் படிக்க அந்த ஒரு சட்டகம் போதும். நையாண்டி நிகழ்ச்சி ஒன்று தன்னைச் சரிபார்க்கும் வழியைப் பார்வையாளர் கையில் கொடுப்பது பெரிய விஷயம்.

இதன் வலிமை எவ்வளவு என்பதற்கு இணையச் சமநிலை, அதாவது இணையச் சேவை நிறுவனங்கள் எல்லாத் தளங்களையும் பாகுபாடில்லாமல் நடத்த வேண்டும் என்ற கொள்கை, பற்றிய இரண்டு பகுதிகளைச் சொல்லலாம். 2014 ஜூன் 1 அன்று 13 நிமிடம் பேசிவிட்டு, எஃப்.சி.சி. எனப்படும் கூட்டாட்சித் தகவல் தொடர்பு ஆணையத்துக்குக் கருத்து எழுதி அனுப்பும்படி மக்களைக் கேட்டார். ஆணையத்தின் கருத்துப் பக்கம் திணறிப் போனது. 2017 மே மாதம் மறுபடியும் அதே விஷயம், மறுபடியும் தளம் முடங்கியது. இம்முறை ஆணையம் தங்கள் தளத்தின் மீது சைபர் தாக்குதல் நடந்ததாகச் சொன்னது. 2018 ஆகஸ்டில் ஆணையத்தின் சொந்தத் தலைமை ஆய்வாளர் அலுவலகமே விசாரித்து, தாக்குதல் எதுவும் நடக்கவில்லை, நிகழ்ச்சியைப் பார்த்த மக்கள் குவிந்ததுதான் காரணம் என்று எழுதியது. மக்கள் வந்து கதவைத் தட்டிய சத்தத்தை அரசு அமைப்பு ஒன்று கல்லெறி என்று பதிவு செய்திருக்கிறது.

ஊடக உரிமையாளர் விஷயத்துக்கு வருகிறவர்கள் பார்க்க வேண்டியது 2017 ஜூலை 2 அன்று சின்க்ளேர் என்ற நிலையக் கம்பெனியைப் பற்றி வந்த பகுதி. அதைப் புரிந்துகொள்ள அமெரிக்கத் தொலைக்காட்சியின் அமைப்பு கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். நம் ஊரில் சன் டிவியோ விஜய் டிவியோ சென்னையிலிருந்து ஏற்றினால் நாகர்கோவிலிலும் ஓசூரிலும் ஒரே நேரத்தில் அதே நிகழ்ச்சி. அமெரிக்காவில் ஏபிசி, சிபிஎஸ், என்பிசி, ஃபாக்ஸ் ஆகியவை அடிப்படையில் நிகழ்ச்சி தயாரித்துத் தரும் வலையமைப்புகள். வீட்டுக்கு ஒளிபரப்புவது ஒவ்வொரு ஊரிலும் இருக்கும் உள்ளூர் நிலையம். எஃப்.சி.சி. உரிமம் கொடுப்பதும் அந்த நிலையங்களுக்குத்தான், வலையமைப்புக்கு அல்ல. உரிமக் காலம் 8 ஆண்டு. பல ஊர்களின் நிலையங்களை ஒரே கம்பெனி வாங்கி வைத்திருக்கலாம். ஆனால் மொத்தத்தில் நாட்டின் 39 விழுக்காடு வீடுகளைத் தாண்டக் கூடாது என்று ஒரு உச்சவரம்பு உண்டு. யுஹெச்எஃப் அலைவரிசை நிலையம் என்றால் அதன் வீச்சைப் பாதியாகக் கணக்கிடலாம் என்று ஒரு பழைய விதியும் உண்டு. அந்தச் சலுகையை 2017 ஏப்ரலில் எஃப்.சி.சி. மீண்டும் கொண்டுவந்தது. அடுத்த மாதமே சின்க்ளேர் 390 கோடி டாலருக்கு ட்ரிப்யூன் மீடியா என்ற இன்னொரு நிலையக் கம்பெனியை வாங்கப் போவதாக அறிவித்தது.

சின்க்ளேர் என்ற பெயர் பார்வையாளருக்குத் தெரியாது. அவர் பார்ப்பது ஊர்ப் பெயர் போட்ட சேனல், பத்து வருடமாகப் பழகிய அறிவிப்பாளர் முகம். அந்த நம்பிக்கையின் மேல்தான் கம்பெனி தன் சரக்கை ஏற்றுகிறது. தலைமையகத்திலிருந்து வரும் சில துண்டுகளை எல்லா நிலையங்களும் கட்டாயம் ஓட்ட வேண்டும். அதற்குத் தொழிலில் ‘மஸ்ட் ரன்’ என்று பெயர். 2017இல் அவை தீவிரவாத எச்சரிக்கை என்ற தலைப்பில் அன்றாடம் ஒரு துண்டு, ட்ரம்ப்பின் முன்னாள் ஆலோசகர் போரிஸ் எப்ஷ்டைனின் அரசியல் கருத்துரை, இப்படி. ஆலிவர் இதைச் சொல்லிவிட்டு விடவில்லை. வெவ்வேறு ஊர் அறிவிப்பாளர்கள் ஒரே வாசகத்தை ஒரே ஏற்ற இறக்கத்தோடு படிப்பதை அடுத்தடுத்து வெட்டி ஒட்டிக் காட்டினார். தனித்தனியாகப் பார்த்தால் அது உள்ளூர்ச் செய்தி. சேர்த்துப் பார்த்தால் ஒரே வாய். பத்துப் பக்கக் கட்டுரையால் விளக்க முடியாததை அந்தச் சில நொடிகள் விளக்கிவிடுகின்றன.

2018 மார்ச் கடைசியில் டெட்ஸ்பின் தளம் இதே உத்தியைப் பெரிய அளவில் செய்தது. பொய்ச் செய்தி நம் ஜனநாயகத்துக்கு ஆபத்து என்று சொல்லும் ஒரே அறிவிப்பைப் பல டஜன் சின்க்ளேர் அறிவிப்பாளர்கள் ஒரே குரலாகச் சொல்லும் அந்தக் காட்சித்தொகுப்பு உலகம் முழுக்கப் பரவியது. மறுநாளே ஆலிவரும் அதை எடுத்துப் பேசினார். ட்ரிப்யூன் பேரம் 2018 ஆகஸ்டில் முறிந்தது. அந்தப் பேரத்தில் உண்மையை மறைத்தது உள்ளிட்ட விசாரணைகளை முடித்துக்கொள்ள 2020இல் சின்க்ளேர் 4.8 கோடி டாலர் அபராதம் கட்டச் சம்மதித்தது. நையாண்டிதான் பேரத்தை முறித்தது என்று சொல்ல முடியாது. நிலையங்களை விற்பதுபோல் விற்றுவிட்டுக் கட்டுப்பாட்டைக் கையில் வைத்துக்கொள்கிறார்களோ என்று எஃப்.சி.சி.க்கே எழுந்த சந்தேகம்தான் அதைக் கவிழ்த்தது. ஆனால் நிலையத்தின் பின்னால் ஒரு கம்பெனி இருக்கிறது என்பது சாதாரண வீடுகளுக்குத் தெரிய வந்ததில் இந்த நிகழ்ச்சிக்குப் பெரிய பங்கு உண்டு.

சரி, ஊரான் முதலாளியைக் கேலி செய்வது எளிது. தன் முதலாளியை? இந்தச் சோதனையிலும் லாஸ்ட் வீக் டுநைட் நல்ல மதிப்பெண் வாங்குகிறது. எச்பிஓ முதலில் டைம் வார்னர் கையில் இருந்தது. 2018 ஜூனில் ஏடி அண்ட் டி வாங்கியது. 2022 ஏப்ரலில் வார்னர் பிரதர்ஸ் டிஸ்கவரிக்குப் போனது. ஏடி அண்ட் டி காலம் முழுக்க அந்தக் கம்பெனியின் தொலைபேசிச் சேவையை அடிக்கடி வாரினார். 2021 அக்டோபரில் ராய்ட்டர்ஸ் ஒரு செய்தி வெளியிட்டது. ஒன் அமெரிக்கா நியூஸ் என்ற தீவிர வலதுசாரிச் சேனலின் வருமானத்தில் மிகப் பெரிய பங்கு ஏடி அண்ட் டி குழுமத்திலிருந்து வருகிறது என்பதை நீதிமன்ற ஆவணங்களைக் கொண்டு அது காட்டியது. அடுத்த ஞாயிறே ஆலிவர் தன் சம்பளம் வரும் கம்பெனியை அதே மேஜையிலிருந்து காய்ச்சினார். 2022 ஆகஸ்டில் புது முதலாளி கிட்டத்தட்ட முடிந்துபோன ஒரு சூப்பர்ஹீரோ படத்தை வெளியிடாமல் மூடியபோதும் அப்படியே.

இங்கேதான் பார்வையாளர் ஏமாறுகிற இடம் இருக்கிறது. முதலாளியைக் கேலி செய்தால் சுதந்திரம் இருக்கிறது என்று முடிவு கட்டிவிடுகிறோம். அது தப்பான அளவுகோல். போன் சிக்னல் சரியில்லை என்று ஆயிரம் தடவை கேலி செய்தாலும் கம்பெனிக்கு நயா பைசா நட்டமில்லை. இவ்வளவு பெருந்தன்மையான முதலாளியா என்று நல்ல பேர் வேறு கிடைக்கும். பார்க்க வேண்டியது வேறொன்று: முதலாளியின் கோப்பு ஏதாவது அரசாங்க மேஜையில் கையெழுத்துக்குக் காத்திருக்கிறதா? நையாண்டிக்கு ஆபத்து வருவது அந்த மாதங்களில்தான்.

2025ஐ எடுத்துக்கொள்ளுங்கள். சிபிஎஸ்ஸின் தாய் நிறுவனமான பாராமவுண்ட், ஸ்கைடான்ஸ் என்ற படத் தயாரிப்பு நிறுவனத்தோடு 800 கோடி டாலர் இணைப்புக்கு எஃப்.சி.சி. ஒப்புதல் கேட்டுக் காத்திருந்தது. சிபிஎஸ்ஸின் 60 மினிட்ஸ் நிகழ்ச்சி கமலா ஹாரிஸ் பேட்டியை வெட்டி ஒட்டிய விதம் தவறு என்று ட்ரம்ப் தொடர்ந்த வழக்கை ஜூலைத் தொடக்கத்தில் 1.6 கோடி டாலர் கொடுத்து முடித்துக்கொண்டது. அது பெரிய லஞ்சம் என்று ஸ்டீபன் கோல்பேர் சிபிஎஸ்ஸிலேயே ஜூலை 14 அன்று சொன்னார். 17ஆம் தேதி, அவருடைய லேட் ஷோ 2026 மே மாதத்தோடு முடிகிறது என்ற அறிவிப்பு வந்தது. 24ஆம் தேதி இணைப்புக்கு ஒப்புதல் கிடைத்தது. இது முழுக்கப் பணம் சார்ந்த முடிவு என்று சிபிஎஸ் சொன்னது. நிகழ்ச்சி ஆண்டுக்குச் சுமார் 4 கோடி டாலர் நட்டத்தில் ஓடியதாகவும் செய்திகள் வந்தன. இரவு நேர நிகழ்ச்சிகளின் விளம்பர வருமானம் சரிந்திருப்பது உண்மை, அதை மறுக்க முடியாது. ஆனால் பத்து நாளுக்குள் அடுக்கி வரும் இந்தத் தேதிகளைப் பார்த்த எந்த எழுத்தாளரும் அடுத்த வரியை எழுதும்போது ஒரு நொடி யோசிப்பார். அந்த ஒரு நொடித் தயக்கம்தான் உண்மையான சேதம்.

ஜிம்மி கிம்மல் விவகாரத்தில் இயந்திரம் இன்னும் வெளிப்படையாகத் தெரிந்தது. 2025 செப்டம்பர் 15 அன்று ஏபிசியில் தன் இரவு நிகழ்ச்சியில், வலதுசாரிப் பிரமுகர் சார்லி கிர்க்கின் கொலை பற்றி அவர் பேசியது ட்ரம்ப் தரப்புக்குப் பிடிக்கவில்லை. 17ஆம் தேதி எஃப்.சி.சி. தலைவர் பிரெண்டன் கார் ஒரு பேட்டியில் நிலையங்களின் உரிமத்தைச் சுட்டிக்காட்டி எச்சரித்தார். அன்று மாலையே நெக்ஸ்டார் என்ற நிலையக் கம்பெனி தன் ஏபிசி நிலையங்களில் நிகழ்ச்சியை ஓட்டாது என்றது. சின்க்ளேரும் சேர்ந்துகொண்டது. ஏபிசி நிகழ்ச்சியை நிறுத்திவைத்தது. அப்போது நெக்ஸ்டாரின் கோப்பு எங்கே இருந்தது? டெக்னா என்ற இன்னொரு நிலையக் கம்பெனியை 620 கோடி டாலருக்கு வாங்க எஃப்.சி.சி.யின் தயவு தேவைப்பட்டது. மேலே சொன்ன அதே 39 விழுக்காடு வரம்பு குறுக்கே நின்றது. மக்கள் ஏபிசியின் முதலாளியான டிஸ்னியின் சந்தாவை ரத்து செய்யத் தொடங்கியதும் 23ஆம் தேதி கிம்மல் திரும்பி வந்தார். நாட்டின் கால்வாசி வீடுகளில் ஒளிபரப்பாமலேயே அன்று 62 லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் பார்த்தார்கள். இரு நிலையக் கம்பெனிகளும் 26ஆம் தேதிதான் இறங்கி வந்தன.

இந்த அளவுகோலில் லாஸ்ட் வீக் டுநைட் எங்கே நிற்கிறது? விளம்பரதாரர் இல்லை, அதனால் அவர் விலகுவேன் என்று மிரட்ட முடியாது. எச்பிஓ கேபிள் வழியாகவும் ஓடிடி வழியாகவும் நேராக வீட்டுக்கு வருகிறது, நடுவில் ஊர் நிலையம் இல்லை. அலைவரிசை உரிமம் இல்லாததால் எஃப்.சி.சி.யின் பிடியும் மிகக் குறைவு. மூன்று கதவு மூடியிருக்கிறது. திறந்திருப்பது ஒன்று, முதலாளியின் கதவு. அது சின்னக் கதவு என்று நினைக்க வேண்டாம். ஆப்பிள் டிவியில் ஜான் ஸ்டூவர்ட் நடத்திய நிகழ்ச்சிக்கும் விளம்பரம் கிடையாது, ஊர் நிலையம் கிடையாது. 2023 அக்டோபரில் அது நின்றுபோனது. சீனா, செயற்கை நுண்ணறிவு ஆகிய தலைப்புகளில் கம்பெனியோடு கருத்து வேறுபாடு என்று செய்திகள் வந்தன. போட்டிச் சட்டத்தை அமல்படுத்தும் கூட்டாட்சி வர்த்தக ஆணையத்தின் தலைவர் லீனா கானைப் பேட்டி எடுக்க வேண்டாம் என்று ஆப்பிள் கேட்டுக்கொண்டதாக 2024 ஏப்ரலில் ஸ்டூவர்ட்டே லீனா கானை எதிரில் உட்கார வைத்துச் சொன்னார். முதலாளிக்கு வேறு எத்தனை தொழில் இருக்கிறதோ அத்தனை தொடக்கூடாத தலைப்புகள் உருவாகும்.

முதலாளி பெரியவராக இருப்பதில் ஒரு நன்மையும் இருக்கிறது, அதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். 2017 ஜூனில் நிலக்கரி பற்றிய பகுதிக்காக முர்ரே எனர்ஜி கம்பெனியும் அதன் தலைவரும் ஆலிவர் மீதும் எச்பிஓ மீதும் மேற்கு வர்ஜீனியாவில் மானநஷ்ட வழக்குப் போட்டார்கள். 2018 பிப்ரவரியில் வழக்கு தள்ளுபடி ஆனது. ஜெயித்தும் வக்கீல் செலவு சுமார் 2 லட்சம் டாலர், காப்பீட்டுப் பிரீமியம் மூன்று மடங்கு என்று ஆலிவர் பின்னால் கணக்குச் சொன்னார். ஜெயிப்பதற்காகப் போடுவதல்ல, எதிராளியைச் செலவிலேயே மூழ்கடிக்கப் போடும் வழக்குகள் இவை. ஸ்லாப் வழக்கு என்பார்கள். வீட்டிலிருந்து யூடியூப் சேனல் நடத்தும் ஒருவர் இதே வழக்கில் முதல் வாய்தாவிலேயே காட்சியை நீக்கிவிட்டு மன்னிப்பு எழுதிக் கொடுத்திருப்பார். பெரிய கம்பெனியின் சட்டத்துறை இல்லாமல் இந்த நிகழ்ச்சி இத்தனை ஆண்டு தாக்குப்பிடித்திருக்காது.

குறைகளும் கண்ணில் படும். உவமை அடுக்கும் பழக்கம் ஒரு இயந்திரம்போல் ஆகிவிட்டது. ஒரு தகவல், உடனே ‘இது எப்படி இருக்கிறதென்றால்’ என்று ஒரு விலங்கோ கார்ட்டூனோ, பிறகு ஒரு கெட்ட வார்த்தை. தொடர்ந்து பத்து அத்தியாயம் பார்த்தால் சிரிப்பு எந்த நொடியில் வரும் என்று முன்கூட்டியே தெரியும். சார்பு வெளிப்படையானது. ஆலிவர் இடதுசாரி சாய்வுள்ளவர், அதை மறைப்பதும் இல்லை. எதிர்த்தரப்பின் வலுவான வாதத்தை எடுக்காமல் அந்தத் தரப்பில் உளறியவரின் வீடியோவை எடுத்துப் போடுவது அடிக்கடி நடக்கிறது. எனவே ஒரு பகுதியைப் பார்த்து முடித்ததும், இதில் யாருடைய சிறந்த பதிலை நான் கேட்கவில்லை என்று ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். பேச்சு வேகம் அதிகம். ஆங்கில சப்டைட்டிலைப் போட்டுக்கொண்டு 0.9 வேகத்தில் வைத்தால் சிரமமில்லை.

இந்தியாவில் பார்ப்பவர்களுக்கு ஒரு முக்கியமான விஷயம். 2020 பிப்ரவரி 23 அன்று, ட்ரம்ப் அகமதாபாத்தில் இறங்குவதற்குச் சற்று முன், பிரதமர் மோடி பற்றிய பகுதி எச்பிஓவில் வந்தது. அப்போது இந்தியாவில் நிகழ்ச்சியை வழங்கியது டிஸ்னி வசமிருந்த ஹாட்ஸ்டார். அந்த அத்தியாயம் மட்டும் ஹாட்ஸ்டாரில் ஏறவில்லை. யூடியூபில் அதே பகுதி தடையில்லாமல் ஓடியது. தடை செய்யும்படி அரசு உத்தரவிட்டதாக எந்த அறிவிப்பும் வரவில்லை. ஓடிடிகளுக்கான தகவல் தொழில்நுட்ப விதிகள்கூட அதற்கு ஒரு ஆண்டு கழித்து, 2021 பிப்ரவரியில்தான் வந்தன. நியூயார்க்கில் எச்பிஓ தொடாததைக் கடைசிக் கதவில் இருந்த விநியோகஸ்தர் மறைத்தார். இரண்டு வாரம் கழித்து ஆலிவர் இதைப் பேசியபோது இன்னொன்றையும் வெளியிட்டார்: டிஸ்னியின் கதாபாத்திரங்களைத் தொட்ட பழைய நகைச்சுவைகளும் ஹாட்ஸ்டாரில் வெட்டப்பட்டிருந்தன.

ஆகவே ஓடிடியில் பார்க்கிறவர்கள் இதைச் செய்யுங்கள். முதலில் அத்தியாய எண்ணைப் பாருங்கள். 4க்குப் பிறகு 6 வந்தால் 5 எங்கே என்று தேடுங்கள். பிறகு பெரிய பகுதியின் நீளத்தை நிகழ்ச்சியின் அதிகாரபூர்வ யூடியூப் சேனலில் இருப்பதோடு ஒப்பிடுங்கள். யூடியூபில் பெரும்பாலும் அந்தப் பெரிய பகுதி மட்டும்தான் இருக்கும், வாரச் செய்தித் தொகுப்பு இருக்காது, எனவே மொத்த அத்தியாய நீளத்தோடு ஒப்பிட்டால் கணக்குத் தப்பும். பேச்சின் நடுவில் பார்வையாளர் சிரிப்பு திடீரென்று அறுந்து அடுத்த வாக்கியம் தொடங்கினால் அங்கே கத்தரி விழுந்திருக்க வாய்ப்பு உண்டு. இந்தியாவில் எச்பிஓ சரக்கு 2023 மார்ச் 31 அன்று ஹாட்ஸ்டாரை விட்டு வெளியேறி, பிறகு ஜியோசினிமாவுக்குப் போனது. 2025 பிப்ரவரியில் இரண்டும் ஜியோஹாட்ஸ்டார் என்று ஒன்றாயின. கை மாறும்போதெல்லாம் பழைய சீசன்கள் காணாமல் போகும். வருடச் சந்தா கட்டுவதற்கு முன் நீங்கள் பார்க்க நினைக்கும் சீசன் இருக்கிறதா என்று தேடிப் பார்த்துவிடுங்கள்.

இன்னொரு தேதியையும் மனதில் வையுங்கள். 2025 டிசம்பரில் வார்னர் பிரதர்ஸை வாங்க நெட்ஃபிளிக்ஸ் ஒப்பந்தம் அறிவித்த மூன்றாம் நாள், பாராமவுண்ட் மொத்தக் கம்பெனிக்கும் போட்டி விலை கேட்டது. யார் வாங்குவதாக இருந்தாலும் அமெரிக்க நீதித்துறையின் போட்டிச் சட்டப் பரிசீலனையைத் தாண்ட வேண்டியிருந்தது. அதாவது இந்த நிகழ்ச்சியின் முதலாளிக்கும் அரசாங்க மேஜையில் ஒரு கோப்பு. 2023 கடைசியில் புதுப்பிக்கப்பட்ட ஒப்பந்தம் 2026 சீசன் வரை.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் 2017 ஜூலை சின்க்ளேர் பகுதியை முதலில் பாருங்கள், அடுத்து 2020 மோடி பகுதி, பிறகு 2019 நவம்பரில் வந்த ஸ்லாப் வழக்குப் பகுதி. கடைசியாகச் சொன்னதன் முடிவில் நடனக்காரர்களோடு ஒரு நீண்ட பாட்டு வரும், வரிக்கு வரி வசவு. வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் ஹெட்போன் மாட்டிக்கொள்ளுங்கள்.